முதல் நாள் பாடம்: ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு மடல்

கிறிஸ்துவுக்குள் அன்பான ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கும் மறைக்கல்வி ஆசிரியர்களுக்கும்,



மே மாதம் நெருங்குகிறது. விடுமுறை வேதாகமப் பள்ளிக்கான பாடப் புத்தகங்கள் உங்கள் கைக்கு வந்திருக்கும். பாட்டுகளுக்குக் கை அசைவு பழகிக்கொண்டிருப்பீர்கள். மனப்பாட வசனங்களை அட்டையில் எழுதிக்கொண்டிருப்பீர்கள். கத்தோலிக்கப் பங்குகளில் இருப்பவர்கள் புதுநன்மைப் பிள்ளைகளை முதல் பாவசங்கீர்த்தனத்துக்குத் தயார் செய்துகொண்டிருப்பீர்கள். சம்பளமில்லாத வேலை. வெயிலில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டி வந்து, மோர் கரைத்துக் கொடுத்து, தொண்டை கட்டும்வரை கத்திவிட்டு வீடு திரும்புகிறவர்களுக்குத்தான் அதன் பாடு தெரியும். நானும் உங்களில் ஒருத்தி. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

எழுத வந்தது முதல் நாள் பாடத்தைப் பற்றி. எந்தப் பாடத்திட்டமானாலும் முதல் நாளிலோ இரண்டாம் நாளிலோ பாவம் வந்துவிடும். அதை நாம் நடத்தும் விதமும் எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். கரும்பலகையில் ஒரு பட்டியல்: பொய், திருட்டு, கீழ்ப்படியாமை, கெட்ட வார்த்தை, சினிமா, இப்போது புதிதாகக் கைப்பேசி. பட்டியலுக்குக் கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே நரகம். பாவங்களைப் பெயர் சொல்லிக் காட்டுவது தப்பில்லை. நியாயத்தீர்ப்பும் வேதத்தில் உள்ளதுதான். ஆனால் இந்த இரண்டுக்கும் நடுவே வேதம் அழுத்தந்திருத்தமாகச் சொல்கிற ஒன்றைத் தாண்டிக் குதித்துப் போய்விடுகிறோம். உண்டு உறங்கி நடமாடுகிற மனிதன் ஏற்கெனவே செத்தவனாக இருக்க முடியும் என்று வேதம் சொல்கிறது. பாவத்தின் விளைவு வருங்காலத்தில் எங்கோ காத்திருக்கிற தண்டனை மட்டும் என்றால் அது வெறும் மிரட்டலாகப் போய்விடும். அது இப்போதே, இந்த வீட்டுக்குள்ளேயே, இந்தச் சபைக்குள்ளேயே நடக்கிற சாவு என்று சொல்லிக்கொடுத்தால்தான் பிள்ளைகள் அதைத் தங்கள் வாழ்க்கையில் அடையாளம் கண்டுகொள்வார்கள்.

உண்மையில் பிள்ளைகள் இந்த இடத்தைத் தாங்களாகவே கண்டுபிடித்துவிடுகிறார்கள். ஆதியாகமம் இரண்டாம் அதிகாரத்தில், அந்த மரத்தின் கனியைச் சாப்பிடுகிற நாளிலேயே சாவாய் என்று கடவுள் ஆதாமை எச்சரிக்கிறார். மூன்றாம் அதிகாரத்தில் அவர்கள் சாப்பிடுகிறார்கள். யாரும் விழுந்து சாகவில்லை. ஐந்தாம் அதிகாரத்துக்கு வந்தால் ஆதாம் 930 வருஷம் உயிரோடிருந்தான் என்று கணக்கு இருக்கிறது. என் வகுப்பில் ஒரு சின்னப் பெண் எழுந்து, "அப்ப பாம்பு சொன்னதுதானே டீச்சர் நிஜமாச்சு?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. ஆனால் பெரிய பெரிய வேத அறிஞர்களைத் தூங்கவிடாத கேள்வி அது. இரண்டாம் நூற்றாண்டில் லியோன் நகரத்து ஆயராக இருந்த இரேனியுஸ் இதற்குப் பல விளக்கங்களை வரிசையாகச் சொல்லிப் பார்க்கிறார். கர்த்தருக்கு ஆயிரம் வருஷம் ஒரு நாள் போல. ஆதாம் ஆயிரத்தைத் தொடவில்லை. ஆகவே அந்த 'நாளுக்குள்' செத்துவிட்டான் என்பது அவற்றில் ஒன்று. கெட்டிக்காரத்தனமான கணக்குதான். ஆனால் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. அன்றைக்கே என்ன செத்தது என்பதை மூன்றாம் அதிகாரமே காட்டுகிறது.

கடவுள் தோட்டத்தில் உலாவும் சத்தம் கேட்டதும் அவர்கள் மரங்களுக்குள் ஒளிந்துகொள்கிறார்கள். நேற்றுவரை அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தவர்கள். தங்கள் உடம்பைப் பார்க்கவே கூசி இலையைத் தைத்துக் கட்டிக்கொள்கிறார்கள். தன் எலும்பு, தன் மாம்சம் என்று ஏவாளைக் கண்டு பூரித்துப் போனவன், நீர் கொடுத்த பெண்தான் காரணம் என்று விரல் நீட்டுகிறான். ஒரே வாக்கியத்தில் மனைவியையும் காட்டிக்கொடுத்துக் கடவுளையும் குற்றவாளியாக்குகிறான். அடுத்த அதிகாரத்தில் அண்ணன் தம்பியைக் கொல்கிறான். சாவு உடம்புக்குள் வந்து சேர ஒரு தலைமுறை ஆகிறது. உறவுக்குள் அது முதல் நாள் மாலையே வந்துவிட்டது.

கல்யாண வீட்டு வாசலில் கட்டுகிற வாழை மரத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். குலையும் பூவுமாக, தோட்டத்தில் நிற்பதைவிடச் செழிப்பாகவே நிற்கும். வருகிறவர்கள் எல்லாரும் அதைக் கடந்துதான் உள்ளே போவார்கள். அடியில் வேர் கிடையாது. வெட்டிய நேரத்திலேயே அதன் கதை முடிந்துவிட்டது, இலைக்கு அது தெரிய இரண்டு மூன்று நாள் ஆகும். ஆதாமின் 930 வருஷம் அந்த இரண்டு மூன்று நாள்தான். ஏழு வயதுப் பிள்ளைக்கும் இது புரிந்துவிடும்.

இந்தக் கண்ணோடு மற்ற இடங்களைப் படியுங்கள். எபேசு சபைக்கு எழுதும்போது பவுல், உயிரோடிருக்கிறவர்களைப் பார்த்துத்தான் நீங்கள் செத்திருந்தீர்கள் என்கிறார். லூக்கா 15-ல் இளைய மகன் திரும்பி வந்ததும் தகப்பன் சொல்வதைக் கவனியுங்கள். என் மகன் தப்புச் செய்தான், இப்போது திருந்திவிட்டான் என்று சொல்லவில்லை. செத்திருந்தான், பிழைத்தான் என்கிறார். அதே வார்த்தையை மூத்தவனிடமும் மறுபடி சொல்கிறார். தூர தேசத்தில் பன்றி மேய்த்தபோது அவனுக்கு மூச்சும் இருந்தது, பசியும் இருந்தது. தகப்பனின் கணக்கில் அவன் செத்தவன்.

இங்கே ஒரு கேள்வி வரும், பெரிய வகுப்புப் பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். பாவத்தை ஏன் சாவு என்று இவ்வளவு கடுமையாகச் சொல்ல வேண்டும், நோய் என்றோ பலவீனம் என்றோ சொன்னால் போதாதா என்று. சபை இந்தக் கேள்வியின்மேல் ஒரு பெரிய சண்டையே போட்டிருக்கிறது. பிரிட்டனிலிருந்து ரோமுக்கு வந்த பெலாஜியுஸ் என்ற துறவி ஒழுக்கமானவர். ரோமக் கிறிஸ்தவர்கள் தங்கள் சோம்பலுக்கெல்லாம் மனித பலவீனத்தைச் சாக்குச் சொல்வது அவருக்குப் பொறுக்கவில்லை. கடவுள் கட்டளை கொடுத்திருந்தால் அதைச் செய்யும் திராணியையும் கொடுத்திருப்பார், முயன்றால் முடியும் என்றார். ஹிப்போவின் ஆயர் அகுஸ்தீன் இதை எதிர்த்தார். 418-ல் கார்த்தேஜில் கூடிய ஆயர்கள் பெலாஜியுஸின் போதனையைத் தள்ளினார்கள். நம்மில் பலருக்கு உள்ளுக்குள் பெலாஜியுஸ்மேல்தான் அனுதாபம் இருக்கும், ஆசிரியர்கள் அல்லவா. 'முயற்சி செய்' என்பதுதான் நம் வாயில் முதலில் வருகிற சொல். ஆனால் அகுஸ்தீன் தன் சொந்த வாழ்க்கையில் முட்டி மோதித் தெரிந்துகொண்ட ஒன்று உண்டு: நோயாளி மருந்தை எட்டி எடுத்துக் குடிக்கலாம், செத்தவனால் கையை நீட்ட முடியாது. சாவு என்று சொல்வது மனிதனை இழிவுபடுத்த அல்ல, கிருபைக்கு இடம் விடுவதற்காக. பவுல் எபேசியருக்கு, செத்திருந்தீர்கள் என்று எழுதிய கையோடு, தேவனோ இரக்கத்தில் ஐசுவரியமுள்ளவராய் நம்மை உயிர்ப்பித்தார் என்ற பொருளில் எழுதுகிறார். முதல் பாதியை நடத்திவிட்டு மறு பாதியை ஐந்தாம் நாளுக்கு ஒத்திவைக்கிறோமே, அதற்கு அனுமதி நமக்கு யார் கொடுத்தது? நடுவில் இரண்டு நாள் வராமல் போகும் பிள்ளை எதோடு வீட்டுக்குப் போகும்?

அலெக்சாந்திரியாவின் அத்தனாசியுஸ், நான்காம் நூற்றாண்டில், இதையே வேறொரு பக்கத்திலிருந்து சொன்னார். மனிதன் ஒன்றுமில்லாமையிலிருந்து உண்டாக்கப்பட்டவன். கடவுளை நோக்கியிருக்கும்வரை இருப்பான், முகத்தைத் திருப்பினால் வந்த இடத்துக்கே சரிந்துபோவான். வெறும் குற்றம் மட்டும் நடந்திருந்தால் மனந்திரும்புதலே போதுமாயிருக்கும், ஆனால் அழிவு உள்ளுக்குள் புகுந்துவிட்டது, ஆகவேதான் வார்த்தையானவர் உடம்பெடுத்து வந்து சாவைச் சாகடிக்க வேண்டியிருந்தது என்பது அவர் வாதம். கடவுளைக் கோபக்கார நீதிபதியாக மட்டும் கேட்டு வளர்ந்தவர்கள் அத்தனாசியுஸின் இந்தப் பக்கத்தை ஒருமுறையாவது நிதானமாக யோசித்துப் பார்க்க வேண்டும். அதில் கடவுள் தன் பிள்ளை கையைவிட்டு நழுவுவதைப் பார்த்துப் பதறுகிறார்.

ஜென்மப் பாவத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆதாம் செய்த குற்றத்துக்கு நீயும் குற்றவாளி என்று ஒன்பது வயதுப் பிள்ளையிடம் சொல்லாதீர்கள். கீழைச் சபைகள், கோட்டயத்திலும் திருவல்லாவிலும் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிற சிரியன் சபைகள் உட்பட, ஆதாமிடமிருந்து நமக்கு வந்தது சாவும் சீர்கேடும்தான், குற்றப்பழி அல்ல என்ற பக்கத்தையே அழுத்திச் சொல்லி வந்திருக்கின்றன. தகப்பனின் அக்கிரமத்தை மகன் சுமப்பதில்லை என்று எசேக்கியேல் 18-ஆம் அதிகாரம் முழுக்க வாதாடுகிறது. மேற்கத்திய சபையில் அகுஸ்தீனின் தாக்கத்தால் இந்தப் போதனை கடுமையாக இறுகியது உண்மை. ஞானஸ்நானம் பெறாமல் செத்த குழந்தைகளைப் பற்றி எத்தனையோ தாய்மார் எத்தனையோ நூற்றாண்டு அழுதிருக்கிறார்கள். 2007-ல் வத்திக்கானின் சர்வதேச இறையியல் ஆணைக்குழு, அந்தக் குழந்தைகளின் மீட்பை நம்புவதற்குத் தகுந்த காரணம் உண்டு என்று விரிவாக எழுதி வெளியிட்டது. மறைக்கல்வி ஆசிரியர்கள் இதைத் தங்கள் ஊர்ப் பாட்டிமார்களிடம் போய்ச் சொன்னால் புண்ணியமாகும். பிள்ளைகளிடம் சொல்ல வேண்டியது இது: நாம் பிறக்கும் வீட்டிலேயே சாவின் நாற்றம் இருக்கிறது. நாம் தேர்ந்துகொள்ளும் முன்பே பொறாமையும் பயமும் பகையும் நமக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கின்றன. பழக்கப்படுத்தாமலே நமக்கு அவை பழகிவிடுகின்றன.

இதற்கு அகுஸ்தீனின் பேரிக்காய்க் கதையைவிட நல்ல கதை எனக்குத் தெரியாது. பதினாறு வயதில், வட ஆப்பிரிக்காவில் தகாஸ்தே என்ற தன் ஊரில், அவரும் கூட்டாளிகளும் ராத்திரியில் பக்கத்துத் தோட்டத்துப் பேரி மரத்தை உலுக்கி மூட்டை மூட்டையாகத் திருடினார்கள். பசி இல்லை. வீட்டில் அதைவிட நல்ல பழம் இருந்தது. பெரும்பகுதியைப் பன்றிகளுக்கு வீசினார்கள். நாற்பது வயதைத் தாண்டி, ஆயரான பிறகும், அந்தத் திருட்டைப் பக்கம் பக்கமாகக் குடைந்து எழுதுகிறார். தனியாக இருந்திருந்தால் செய்திருக்கமாட்டேன் என்பதுதான் அவர் கண்டெடுத்தது. எட்டாம் வகுப்புப் பையன்களிடம் இந்தக் கதையைச் சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள். கூட்டமாகச் சேர்ந்து ஒருத்தனைக் கேலி செய்தது, யாரும் யோசிக்காமல் எல்லாரும் சேர்ந்து செய்தது, தானாக வெளியே வரும். ஆத்தும சோதனைக்கு அதைவிட நல்ல தொடக்கம் ஏது?

அடுத்தது நிறங்கள். மணிக்கயிறாகவோ வண்ணக் கையுறையாகவோ சின்னப் புத்தகமாகவோ ஐந்து நிறங்களை வைத்துச் சுவிசேஷம் சொல்கிறோம். லண்டனில் பிரசங்கியார் ஸ்பர்ஜன் 1866-ல் கறுப்பு, சிவப்பு, வெள்ளை என்று மூன்று பக்கங்களோடு இதைச் சொன்னார். 1875-ல் அமெரிக்கப் பிரசங்கியார் மூடி பொன்னிறத்தைச் சேர்த்தார். பச்சை பிறகு வந்தது. எளிமையான நல்ல கருவி, எத்தனையோ பேருக்குப் பயன்பட்டிருக்கிறது. ஆனால் நம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் முகங்களைப் பாருங்கள். கறுப்புப் பக்கத்தைத் தூக்கிப் பிடித்து 'இது பாவம் நிறைந்த இருதயம்' என்றும், வெள்ளைப் பக்கத்தைக் காட்டி 'இது சுத்தமான இருதயம்' என்றும் சொல்லும்போது, முன்வரிசையில் இருக்கும் கறுத்த பிள்ளை தன் கையைக் குனிந்து பார்க்கிறது. பள்ளிக்கூடத்தில் நிறத்தைச் சொல்லிக் கூப்பிடப்பட்டு, டிவியில் சிவப்பழகு விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, கோவிலுக்கு வந்தால் இங்கேயும் அதே பாடமா?

வேதமே இந்தக் கட்டாயத்தை வைக்கவில்லை. ஏசாயா முதல் அதிகாரத்தில் பாவத்துக்கு நிறம் சிவப்பு. உன்னதப்பாட்டில் பேசும் பெண் தன் கறுப்பையும் அழகையும் ஒரே மூச்சில் சொல்கிறாள். எண்ணாகமம் 12-ஐத் திறந்து பாருங்கள். மோசே எத்தியோப்பியப் பெண்ணை மணந்ததைச் சொல்லி மிரியாம் பழித்துப் பேசுகிறாள். பேசி முடித்ததும் அவளுக்குக் குஷ்டம் பிடித்து உறைந்த பனியைப் போல வெளுத்துப்போகிறாள். அந்த அதிகாரத்தில் பாவத்தின் நிறம் வெள்ளை! வெண்பனி போலச் சுத்தமாக்கும் என்று கேட்கும் சங்கீதமும் நம்முடையதுதான், நான் அதை மறுக்கவில்லை. நம் ஊர்ப் பிள்ளைக்குக் கறுப்புப் பக்கத்தை முன்னால் நீட்டாமல் இந்தப் பாடத்தை நடத்த வழி இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன். அந்தப் பக்கத்தை இந்த வருஷம் கிழித்துவிடுங்கள்.

இனி நான் எழுத வந்ததிலேயே எனக்கு மிகவும் பாரமாக இருப்பதைச் சொல்கிறேன். ஒருவன் ஆவியில் செத்திருக்கிறான் என்பதை எதை வைத்துக் கண்டுபிடிப்பது? ஜெபம் குறைந்ததை வைத்தா, ஆராதனைக்கு வராததை வைத்தா? யோவான் தன் முதல் நிருபத்தில் மூன்றாம் அதிகாரத்தில் ஒரே ஒரு அளவுகோல்தான் வைக்கிறார். சகோதரனை நேசிக்காதவன் இன்னும் சாவிலேயே இருக்கிறான். இதை எழுதுவதற்குச் சற்று முன்புதான் காயீனை நினைவுபடுத்துகிறார். லூக்கா 15-ல் கதை முடியும்போது விருந்துக்கு வெளியே நிற்கிறவன் யார் என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். ஒரு கட்டளையையும் மீறாத மூத்தவன். தம்பியை என் தம்பி என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை, உம்முடைய மகன் என்கிறான். வெளிப்படுத்தின விசேஷத்தில் சர்தை சபைக்கு எழுதிய மடல் இன்னும் கடினமானது. உயிருள்ள சபை என்று பேர் எடுத்திருக்கிறது, ஆனால் செத்திருக்கிறது என்கிறார் ஆண்டவர். விக்கிரகக் கோவிலைப் பார்த்து அல்ல, ஒரு சபையைப் பார்த்து.

இதற்கு உதாரணமாகத் திருநெல்வேலி மாவட்டத்து வடக்கன்குளத்தை எடுத்துக்கொள்வோம். 1745-ல் நீலகண்டன் அங்கேதான் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். திருவிதாங்கூர் அரசின் அதிகாரி. சாதி பார்க்காமல் எல்லாரோடும் பழகி, எல்லாரும் சமம் என்று சொன்னவர். 1752-ல் காற்றாடி மலையில் சுட்டுக்கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று ரோமில் அவரைப் புனிதர் என்று அறிவித்தபோது பெயரோடு ஒட்டியிருந்த சாதிப் பட்டத்தை விட்டுவிட்டே அறிவித்தார்கள். அந்த மனிதர் ஞானஸ்நானத் தண்ணீரில் செத்து எழுந்த அதே ஊரில், நூறு வருஷத்துக்குமேல் கழித்து, ஒரே பீடத்திலிருந்து கோணமாகப் பிரியும் இரண்டு கூடங்களோடு ஒரு கோவில் எழுந்தது. நடுவே சுவர். ஒரு பக்கத்துச் சாதி மறுபக்கத்துச் சாதியைப் பார்க்காமலே இரு பக்கமும் பலிபீடத்தைப் பார்க்கலாம். சகோதரனைப் பார்க்காமல் கடவுளைப் பார்ப்பதற்கென்றே கணக்குப் போட்டுக் கட்டிய கட்டடம்! 1910-ல் பங்குத்தந்தை கௌசானல் அந்தத் தடுப்பை எடுத்துப்போட்டார். எங்கள் உரிமை போயிற்று என்று வழக்குப் போட்டவர்கள் சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். ஆ. சிவசுப்பிரமணியன் எழுதிய 'கிறித்தவமும் சாதியும்' இந்த வரலாற்றை விரிவாகச் சொல்கிறது. உங்கள் ஆசிரியர் கூட்டத்தில் அதை வாசிக்க வேண்டும்.

சீர்திருத்தச் சபைக்காரர்களான நாம் இதைக் கேட்டு நிம்மதிப் பெருமூச்சு விட ஒன்றுமில்லை. 1833-ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாட்டை அடியோடு விட வேண்டும் என்று சுற்றுமடல் அனுப்பினார். தஞ்சாவூரிலும் சென்னையிலும் நற்கருணையை விட்டாலும் சாதியை விடமாட்டோம் என்று பலர் சபையைவிட்டே வெளியேறினார்கள். இருநூறு வருஷத்தை நெருங்குகிறது. இன்னும் பெண் பார்க்கும்போது நாம் முதலில் கேட்பது எதை? பேராயத் தேர்தலில் யார் எந்தப் பக்கம் என்று எண்ணுவது எதை வைத்து? சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்தில் இன்றும் சாதிக்கொரு பகுதி இருக்கிறது, நடுவில் சுவர்கூட இருக்கிறது. உயிர்த்தெழுதலை விசுவாசிக்கிறேன் என்று வாரந்தோறும் அறிக்கை செய்கிறவர்கள், செத்த பிறகும் பக்கத்தில் படுக்கமாட்டோம் என்கிறார்கள். 2003-ல் தமிழக ஆயர்கள் ரோமுக்குப் போனபோது திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவர்கள் முகத்துக்கு நேராகவே, சாதிப் பாகுபாட்டின் சாயல்கூட சபையில் இருக்கக் கூடாது என்று பேசினார்.

நம் கரும்பலகைப் பட்டியலில் சினிமா இருக்கிறது. இந்தச் சுவர் இல்லை. பாவசங்கீர்த்தனத்துக்குப் போகும் பிள்ளை 'பொய் சொன்னேன், தம்பியை அடித்தேன், ஜெபிக்காமல் தூங்கினேன்' என்று ஒப்பித்துப் பழகுகிறது. காலனித் தெருப் பிள்ளையின் தண்ணீர்ப் பாட்டிலைத் தொடாமல் தள்ளி வைத்ததை அது சொல்வதில்லை, ஏனென்றால் அதைப் பாவம் என்று யாரும் அதற்குச் சொல்லவில்லை. வீட்டில் சொல்லமாட்டார்கள். பிரசங்க பீடத்திலிருந்து அபூர்வமாகத்தான் வரும். நாம் சொல்லவில்லையென்றால் அந்தப் பிள்ளை ஒரு கெட்ட வார்த்தையும் பேசாமல், ஒரு ஞாயிறும் தவறாமல், நல்ல பிள்ளை என்று பேர் எடுத்துச் சர்தை சபையின் அங்கத்தினனாக வளரும்.

பயத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 'இன்று ராத்திரி செத்துப்போனால் நீ எங்கே போவாய்?' என்ற கேள்வியைச் சின்ன வகுப்பில் கேட்பதை விட்டுவிடுங்கள். அந்தக் கேள்விக்குக் கையைத் தூக்குகிற பிள்ளைகளின் எண்ணிக்கையை அறிக்கையில் எழுதி அனுப்புவதையும் விட்டுவிடுங்கள். கை தூக்கிய பிள்ளை ராத்திரி விளக்கணைக்க விடாமல் அழுகிறது என்பது அறிக்கையில் வராது, அதன் தாய்க்கு மட்டும்தான் தெரியும். இந்தச் சிறியவர்களில் ஒருவனுக்கு இடறல் உண்டாக்குகிறவனைப் பற்றி ஆண்டவர் ஏந்திரக்கல்லைச் சொல்லிப் பேசியது நம்மைப் போன்றவர்களுக்குத்தான்.

அப்படியானால் முதல் நாள் என்ன செய்வது என்று கேட்பீர்கள். ஆதியாகமம் மூன்றோடு யோவான் 11-ஐயும் அன்றைக்கே எடுங்கள். லாசரு செத்து நாலு நாள். நாற்றம் வந்துவிட்டது என்று மார்த்தாள் சொல்கிறாள். முயன்று பார் என்று இயேசு லாசருவிடம் சொல்லவில்லை, பேர் சொல்லிக் கூப்பிட்டார். வந்தான், ஆனால் கைகால் கட்டியபடியே வந்தான். அங்கே நின்றுகொண்டிருந்தவர்களிடம் அவனை அவிழ்த்துவிடச் சொன்னார். உயிர் கொடுக்கிற வேலை நம்முடையதல்ல, கட்டை அவிழ்க்கிற வேலையில் நமக்குப் பங்கு உண்டு. பெரிய பிள்ளைகளிடம் ரோமர் ஆறாம் அதிகாரத்தைச் சொல்லலாம். ஞானஸ்நானத்தில் நாம் கிறிஸ்துவோடு செத்து அடக்கம்பண்ணப்பட்டு எழுந்தோம் என்றால், பழைய தெரு, பழைய வரிசை, பழைய பட்டப்பெயர் எல்லாம் அந்தக் குழிக்குள் கிடக்க வேண்டியவை.

உட்காரும் வரிசையைக் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள். தெருவாரியாகக் கூட்டமாக உட்காரும் பிள்ளைகளைக் கலந்து உட்காரவைத்து, ஒரே பாத்திரத்திலிருந்து மோர் ஊற்றிக் கொடுங்கள். யாராவது ஒரு பெற்றோர் வந்து சத்தம் போடுவார்கள். போடட்டும். யோவானின் நிருபத்தைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு, கோபப்படாமல், முழுதாகப் பதில் சொல்லுங்கள். ஆயரோ குருவானவரோ சங்கடப்பட்டால் அவரிடமும் அதையே வாசித்துக் காட்டுங்கள். கல்லறையில் ஏன் சுவர் இருக்கிறது என்று ஒரு பிள்ளை கேட்டால், அது பெரியவர்கள் விஷயம் என்று சொல்லி அடுத்த பாட்டுக்குப் போய்விடாதீர்கள். அது பாவம், நம் பெரியவர்கள் செய்த பாவம், நாம் இன்னும் இடிக்காமல் வைத்திருக்கும் பாவம் என்று சொல்லுங்கள்.

பிள்ளைகள் கேட்கிற கேள்விகளை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஜூன் மாத ஆசிரியர் கூட்டத்துக்கு அந்த நோட்டைக் கொண்டு வாருங்கள், அடுத்த வருஷத்துப் பாடத்தை அதிலிருந்து தொடங்கி எழுதலாம்.

கிறிஸ்துவுக்குள் உங்கள் சகோதரி,
உங்களைப் போல ஒரு ஞாயிறு பள்ளி ஆசிரியை